பெரிய ஸ்கீ ரிசார்ட்டில் ஒரு வாரம்: கிலோமீட்டரை விடுங்கள், லிஃப்டைப் பாருங்கள்

முதல் தடவை ஒரு பெரிய ஸ்கீ ரிசார்ட்டுக்குப் போக முடிவு செய்தபோது நான் செய்த முதல் வேலை, எந்த இடத்தில் எத்தனை கிலோமீட்டர் சறுக்குப் பாதை இருக்கிறது என்று பட்டியல் போட்டதுதான். எது பெரியதோ அதற்கே பணம் கட்டினேன். ஆறு நாளில் நான் இறங்கியது மொத்தம் ஐந்து பாதைகள், அதிலும் இரண்டில் பாதித் தூரம் உட்கார்ந்தபடியே வந்தேன். மிச்ச மலையெல்லாம் மேப்பில் பார்த்ததோடு சரி. ஆனால் லிஃப்டில் (கம்பிவடத்தில் தொங்கியபடி மலைமேல் கொண்டுபோகும் இருக்கைகள், பெட்டிகள்) ஏறுவதற்கான பாஸுக்குக் கொடுத்த காசு மட்டும் முழு மலைக்கும்.

பெரியது என்றால் எவ்வளவு பெரியது? பிரான்ஸில் ட்ருவா வலே என்ற இடத்தில் கூர்ஷெவெல், மெரிபெல், வால் தொரான்ஸ் போன்ற ஊர்களை லிஃப்டுகளாலேயே கோத்து, சுமார் 600 கி.மீ. பாதை வைத்திருக்கிறார்கள். கனடாவில் விஸ்லர் பிளாக்கூம் 8,000 ஏக்கருக்கு மேல், 200க்கும் அதிகமான பாதைகள். அங்கே ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகும் கோண்டோலாவே (கம்பியில் ஓடும் மூடிய பெட்டி) 4.4 கி.மீ. நீளம். நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கூட ஒரு வாரத்தில் இதையெல்லாம் முடிக்க மாட்டார். புதிதாகக் கற்றுக்கொள்ளப் போகிறவருக்குத் தேவைப்படுவது ஒரு மெதுவான சரிவு, நின்றபடியே மேலே கொண்டு போகும் பெல்ட் (மேஜிக் கார்பெட் என்பார்கள்), பக்கத்திலேயே ஒரு கழிப்பறை. கடைசியாகச் சொன்னது கிண்டல் இல்லை. மூன்று அடுக்கு உடுப்பும் கல் மாதிரி பூட்ஸும் மாட்டிக்கொண்டு அவசரத்துக்கு இருநூறு மீட்டர் நடந்து பார்த்தால் தெரியும்.

அதனால் ரிசார்ட்டைத் தேர்ந்தெடுக்கும் முன், கூட வருபவர்களில் யாருக்கு மிகக் குறைவாகச் சறுக்கத் தெரியும் என்று பாருங்கள். திட்டம் அவரை வைத்துத்தான் போட வேண்டும். எல்லோருமே புதியவர்கள் என்றால் பெரிய ரிசார்ட்டே வேண்டாம் என்பது என் கட்சி. சின்ன மலை போதும், செலவும் குறையும். சிலருக்கு நன்றாகத் தெரியும், சிலர் அப்போதுதான் ஆரம்பிக்கிறார்கள், ஒருவர் சறுக்கவே மாட்டார், சும்மா வந்து காபி குடிப்பார் என்ற மாதிரி கலந்த கூட்டமாக இருந்தால்தான் பெரிய இடத்துக்கு உண்மையான பலன். அப்போது மேப்பில் பார்க்க வேண்டியது, புதியவர்கள் பழகும் பகுதி மலையடியில் இருக்கிறதா உச்சியில் இருக்கிறதா என்பது. சில இடங்களில் கோண்டோலாவில் மேலே போன பிறகுதான் அந்தப் பகுதியே வரும். அங்கிருந்து ஊருக்குச் சறுக்கி இறங்கும் வழி கடினமாக இருந்தால் திரும்பவும் கோண்டோலாவில்தான் இறங்க வேண்டும். அதில் அவமானம் ஒன்றுமில்லை, சாயங்காலம் வரிசை நீளும், அவ்வளவுதான்.

மேப்பில் உள்ள நிறங்களை நம்புவதற்கு முன் எந்த நாட்டு மேப் என்று பாருங்கள். ஐரோப்பாவில் பச்சை, நீலம், சிவப்பு, கருப்பு என்று கடினம் ஏறும், சில நாடுகளில் பச்சையே கிடையாது, நீலத்தில்தான் ஆரம்பம். வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கருப்பு வைரம், அதற்கும் மேல் இரட்டைக் கருப்பு வைரம். ஜப்பானில் பச்சைக்கு அடுத்து சிவப்பு, பிறகு கருப்பு. உலகம் முழுவதற்கும் பொதுவான அளவுகோல் என்று ஒன்று இல்லை, ஒரு மலையின் நீலம் அடுத்த மலையின் சிவப்பு மாதிரி இருக்கும். போதாக்குறைக்கு, காலை ஒன்பது மணிக்கு வெண்ணெய் மாதிரி இருந்த அதே நீலப் பாதை மாலை நாலு மணிக்கு மேடும் பள்ளமும் ஐஸும் கூட்டமுமாக மாறி வேறு முகம் காட்டும்.

எப்போது போவது

பள்ளி விடுமுறை நாட்களைத் தவிர்க்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை எல்லா இடமும் நெரியும். பிப்ரவரியில் பிரான்ஸ் பள்ளிகள் மூன்று மண்டலங்களாகப் பிரிந்து அடுத்தடுத்து விடுமுறை விடுவதால், ஆல்ப்ஸ் மலையில் கூட்டம் ஒரே வாரத்தில் கலைந்துவிடாது, பல வாரங்களுக்கு இழுக்கும். அமெரிக்காவில் பிப்ரவரி மூன்றாவது திங்கள் வரும் பிரசிடென்ட்ஸ் டே வார இறுதிப் பக்கமே தலைவைக்காதீர்கள். புத்தாண்டு கூட்டம் கலைந்த பிறகு வரும் ஜனவரி வாரங்கள் காலியாகவும் மலிவாகவும் இருக்கும். ஆனால் கடுங்குளிர், பகலும் குறைவு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் புதியவர்களுக்கும் நான் மார்ச்சைத்தான் சொல்வேன். வெயில் இருக்கும், பொழுது நீளும், உயரமான இடங்களில் பனியும் நன்றாகச் சேர்ந்திருக்கும். ஒன்று மட்டும், இரவில் உறைந்தது காலையில் கெட்டியாக இருக்கும், பத்து மணிக்கு மேல் இளகிச் சுகமாக இருக்கும், மதியத்துக்குப் பிறகு தெற்குப் பார்த்த சரிவுகள் கஞ்சியாகிவிடும். அப்போது வடக்குப் பார்த்த பக்கம் போய்விட வேண்டும். நியூசிலாந்து, சிலி, அர்ஜென்டினா என்றால் எல்லாமே தலைகீழ். சீசன் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, நிழல் விழும் பக்கம் தெற்கு.

சீசன் தொடக்கத்திலோ முடிவிலோ போவதாக இருந்தால் உயரம் முக்கியம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும், ஆகவே மேலே பனி கொட்டும்போது கீழே ஊரில் மழை பெய்துகொண்டிருக்கும். வால் தொரான்ஸ் ஊரே 2,300 மீட்டரில் இருப்பதால்தான் அங்கே சீசன் நீளம். ஆனால் உயரத்துக்கும் ஒரு விலை உண்டு. ஆல்ப்ஸில் ஏறக்குறைய 2,000 மீட்டரைத் தாண்டினால் மரம் குறைந்துவிடும், மரமில்லாத சரிவில் மேகம் இறங்கினால் எது தரை எது வானம் என்றே தெரியாது. நின்றுகொண்டிருக்கும்போதே நகர்கிறோமா என்று சந்தேகம் வரும், வயிற்றைக் குமட்டும். பனி பெய்யும் நாளில் மரங்களுக்கு நடுவே போகும் பாதைதான் உதவும், ஏனென்றால் அந்தக் கருப்புக் கோடுகளைப் பார்த்துத்தான் கண் சரிவைப் புரிந்துகொள்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் மரங்கள் 3,500 மீட்டர் வரைகூட வளரும், அது அந்த ஊர்க்காரர்களின் அதிர்ஷ்டம். பதிலுக்கு அங்கே தலைவலி இருக்கிறது. பிரெக்கன்ரிட்ஜ் ஊரே ஏறத்தாழ 2,900 மீட்டரில் இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து நேராகப் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் தூக்கம் வராது, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். முடிந்தால் வழியில் தாழ்வான ஊரில் ஓர் இரவு தங்குங்கள், முதல் நாள் அரை நாளோடு நிறுத்துங்கள், தண்ணீர் குடியுங்கள், மதுவைத் தள்ளிவையுங்கள். தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம், குழப்பம் என்று வந்தால் மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், கீழே இறங்கி மருத்துவரைப் பாருங்கள்.

எங்கே படுப்பது

இதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். நானும்தான். பெரிய ரிசார்ட் என்பது ஓர் ஊர் இல்லை, பல ஊர்கள். கூர்ஷெவெல் என்ற ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டு 1,300 மீட்டர் பக்கத்தில் ஒன்று, அதற்கு மேலே இரண்டு, 1,850 என்று சொல்லப்படும் உச்சியில் ஒன்று என வெவ்வேறு கிராமங்கள் இருக்கின்றன. பெயரைப் பார்த்து மலிவாகக் கிடைக்கிறதே என்று பதிவு செய்தால், பனிப்பள்ளி (சறுக்கக் கற்றுத்தரும் வகுப்பு) ஒரு கிராமத்திலும் படுக்கை இன்னொன்றிலும் இருக்கும். தினமும் காலையில் பேருந்துக்கு ஓட வேண்டியதுதான்.

அறை தேடும்போது 'லிஃப்டுக்கு ஐந்து நிமிட நடை' என்று எழுதியிருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த லிஃப்ட்? புதியவர்கள் பகுதிக்கும் பனிப்பள்ளி கூடும் இடத்துக்கும் போகிற லிஃப்டா, அல்லது கருப்புப் பாதைக்குக் கொண்டுபோய் விடும் ஏதோ ஒன்றா? வழி மேடா சமதளமா? தோளில் ஸ்கீ, கையில் குச்சிகள், காலில் வளையாத பூட்ஸ், தரையில் ஐஸ் என்றிருக்கும்போது ஐந்து நிமிடம் பதினைந்தாகும், குழந்தையின் ஸ்கீயையும் சேர்த்துத் தூக்கினால் இருபது. மூன்றாவது, லிஃப்ட் அடியில் லாக்கர் கிடைக்குமா? கிடைத்தால் தூரம் அவ்வளவு பெரிய விஷயமில்லை, சாதாரண ஷூவில் நடந்துபோய் அங்கே மாற்றிக்கொள்ளலாம். வாசலிலிருந்தே சறுக்கிக்கொண்டு போய் வரலாம் என்று விளம்பரம் செய்யும் விடுதிகளில் அந்த வாசலுக்கு வரும் பாதையின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் அந்த வசதிக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் வேறு யாருக்கோ உபயோகமானது.

சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் மாதிரி கார் நுழையாத ஊர்களும் உண்டு. அங்கே காரை டேஷ் என்ற ஊரில் விட்டுவிட்டு ரயிலிலோ டாக்சியிலோதான் போக வேண்டும், பெட்டிகளின் எண்ணிக்கையை அதற்கேற்பக் குறையுங்கள். காரில் மலையேறுவதாக இருந்தால் டயர் விதிகளைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். பிரான்ஸின் மலைப் பகுதிகள் பலவற்றில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பனிச் சங்கிலியாவது வண்டியில் இருக்க வேண்டும். சங்கிலியை டயரில் மாட்டுவதை வீட்டு வாசலில் ஒரு முறை பழகிப் பாருங்கள். இருட்டில், கொட்டும் பனியில், பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கும்போது கையேட்டைப் பிரித்துப் படித்த அனுபவம் எனக்கு உண்டு.

பதிவு செய்யும் வரிசை

தேதி முடிவானதும் அறைக்கும் பனிப்பள்ளிக்கும் ஒரே நாளில் பதிவு செய்துவிடுங்கள், கூட்ட வாரங்களில் அறை கிடைத்தாலும் வகுப்பு கிடைக்காது, குறிப்பாகச் சின்னக் குழந்தைகளுக்கு. ஐரோப்பாவில் பல இடங்களில் சனியன்று வந்து சனியன்று கிளம்பும் வழக்கம், குழு வகுப்புகள் ஞாயிறோ திங்களோ தொடங்கி வெள்ளி வரை போகும். நடுவாரத்தில் போய் இறங்கினால் பாதி வகுப்பில் நுழைய வேண்டியிருக்கும். நண்பரோ கணவரோ மனைவியோ சொல்லிக்கொடுப்பார், பணம் மிச்சம் என்று நினைக்காதீர்கள். சொல்லிக்கொடுக்கத் தெரிவது வேறு, சறுக்கத் தெரிவது வேறு, அந்த வாரத்தில் உறவும் பத்திரமாக இருக்க வேண்டும் அல்லவா.

அதே நாளில் இன்சூரன்ஸும் எடுத்துவிடுங்கள், கிளம்பும் முன்பே உடம்பு சரியில்லாமல் போனால் ரத்துச் செலவுக்கு அதுதான் கைகொடுக்கும். சாதாரணப் பயண இன்சூரன்ஸ் பலவற்றில் பனிச்சறுக்கு சேராது, தனியாகச் சேர்க்க வேண்டும். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்கும் செலவு, நீங்கள் மோதி அடுத்தவருக்குக் காயம் பட்டால் வரும் பொறுப்பு, வாடகைப் பொருள் தொலைந்தால் என்ன, குறிக்கப்பட்ட பாதைக்கு வெளியே போனால் செல்லுமா, இந்த நாலையும் பொடி எழுத்தில் தேடிப் படியுங்கள். இத்தாலியில் 2022 முதல் மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் சறுக்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது.

லிஃப்ட் பாஸைக் கவுண்டரில் போய் வாங்காதீர்கள். வட அமெரிக்காவின் பெரிய ரிசார்ட்டுகளில் அன்றைய கவுண்டர் விலை யானை விலை குதிரை விலை. எபிக், ஐகான் மாதிரிப் பல மலைகளுக்குச் செல்லும் சீசன் பாஸ்கள் டிசம்பரிலேயே விற்பனையை மூடிவிடும், நாலைந்து நாள் சறுக்குவதாக இருந்தாலே அவற்றோடு கணக்குப் போட்டுப் பாருங்கள், பல சமயம் லாபமாக வரும். ஆனால் புதியவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் முழு மலை பாஸ் தண்டம். புதியவர்களுக்கென்று சில லிஃப்டுகளுக்கு மட்டும் தனி பாஸ் பல இடங்களில் உண்டு, சில இடங்களில் அந்த லிஃப்டுகள் இலவசமே. பழகிய பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

பூட்ஸ், அப்புறம்தான் மற்றதெல்லாம்

முதல் பயணத்துக்கு எதையும் வாங்காதீர்கள், வாடகை போதும். ஆனால் வாடகைக் கடையில் பூட்ஸுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒன்றே ஒன்று, மெல்லிய, முழங்கால் வரை வரும் சாக்ஸ் போடுங்கள். இரண்டு சாக்ஸ் போட்டால் சூடு என்று நினைப்பது தப்பு, ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். பூட்ஸுக்குள் அந்த சாக்ஸையும் காலையும் தவிர வேறெதுவும், பேன்ட் நுனிகூட, போகக் கூடாது. நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. தளர்வாக இருந்தால் சுகமாகத்தான் இருக்கும், கடைக்குள் இருக்கும் வரை. மலையில் நீங்கள் திரும்பச் சொன்னாலும் ஸ்கீ திரும்பாது. வலித்தால் சகித்துக்கொள்ளாமல் மறுநாளே போய் மாற்றிக் கேளுங்கள், பெரும்பாலான கடைகளில் மாற்றித் தருவார்கள்.

கடைக்காரர் எடை, உயரம், வயது, எவ்வளவு தெரியும் என்று கேட்பார். கூச்சப்பட்டுப் பொய் சொல்லாதீர்கள். விழும்போது ஸ்கீ காலிலிருந்து தானாகக் கழன்றுகொள்ள வேண்டும், எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை அந்த விவரங்களையும் பூட்ஸின் அடிநீளத்தையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். எனக்கு நன்றாகத் தெரியும் என்று அளந்துவிட்டால் இறுக்கமாக வைத்துவிடுவார், அது கழலாமல் போனால் முழங்கால் தசைநார்தான் அதற்குப் பதில் சொல்லும். ஸ்னோபோர்டு பழகுபவர்களுக்கு அடி படுவது மணிக்கட்டில், அதற்கான காப்பு ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

உடைக்கு ஒரே விதி, உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம், வியர்வையை வைத்துக்கொண்டு குளிரும். மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ உள்ளே, நடுவில் ஃப்ளீஸ், மேலே நீர் புகாத ஜாக்கெட். விரல் பிரிந்த கையுறையைவிட விரல் சேர்ந்த கையுறை சூடு. ஹெல்மெட் கட்டாயம். சன் ஸ்கிரீனை மறந்தால் மாலையில் காகிள்ஸ் வடிவத்தில் முகம் வெந்திருக்கும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், மோவாய்க்குக் கீழும் மூக்குக்கு அடியிலும் பூச வேண்டும் என்பது அதனால்தான்.

மலையில் ஒரு நாள்

நாளைத் தலைகீழாகத் திட்டமிடுங்கள், கடைசி லிஃப்ட் எத்தனை மணிக்கு மூடும் என்பதிலிருந்து. ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டி இன்னொன்றுக்குப் போனால் திரும்பி வருவதற்கு ஒரு லிஃப்டை மட்டும் நம்பியிருப்போம், அது தவறினால் கதை கந்தல். ஒரு வருடம் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் அதிகம் உட்கார்ந்துவிட்டு, வழியில் ஒருவரின் ஸ்கீ கழன்று அதைத் தேடி, நாங்கள் அந்த லிஃப்டுக்கு வந்தபோது ஐந்து நிமிடம் தாமதம். கயிறு கட்டியாகிவிட்டது. மேலே இருபது நிமிடத்தில் கடந்திருக்க வேண்டிய மலையைச் சுற்றி டாக்சியில் ஒன்றரை மணி நேரம், வண்டிக்காரர் கேட்ட தொகையை இப்போதும் வீட்டில் சொல்லவில்லை. அன்றிலிருந்து மூடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே எங்கள் பள்ளத்தாக்குக்குள் வந்துவிடுவது வழக்கம். பலத்த காற்று அடிக்கும் நாளில் அந்த இணைப்பு லிஃப்டுகள் சொல்லாமல் கொள்ளாமல் முன்னதாகவே நிற்கும், அப்படிப்பட்ட நாளில் அக்கரைக்கே போகாதீர்கள். எந்த லிஃப்ட் ஓடுகிறது, மேலே வானம் எப்படி என்பதை ரிசார்ட்டின் ஆப்பிலும் வெப்கேமராவிலும் காலையிலேயே பார்த்துவிடலாம்.

கூட்டத்தை ஏமாற்றவும் வழி இருக்கிறது. லிஃப்ட் திறக்கும்போதே ஏறிவிட்டால் முதல் ஒரு மணி நேரம் மலை உங்களுடையது. பனிப்பள்ளிக் கூட்டம் அடிவாரத்தில் திரளும் நேரத்தில் நீங்கள் மேலே இருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டைப் பதினொன்றரைக்கு முடியுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மணிக்கு. நடுவில் எல்லோரும் சாப்பிடும் நேரம்தான் பாதைகள் காலி.

சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு வகுத்த நடத்தை விதிகள் பத்து இருக்கின்றன, இரண்டை மட்டுமாவது மனப்பாடம் செய்யுங்கள். கீழே முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை, பின்னால் வருகிறவர்தான் ஒதுங்க வேண்டும். பாதை குறுகலாக உள்ள இடத்திலோ, மேட்டுக்குக் கீழே மேலிருந்து வருகிறவர் கண்ணுக்குப் படாத இடத்திலோ நிற்கக் கூடாது. கயிறு கட்டிய இடத்துக்கு அப்பால் யாரோ போன தடம் தெரியும், ஆசை காட்டும். பனிச்சரிவு அபாயத்தை 1 முதல் 5 வரை எண்ணிட்டுத் தினமும் அறிவிப்பார்கள், ஆனால் அந்த எண்ணைப் படித்துவிட்டதாலேயே போகலாம் என்றாகிவிடாது. உடம்பில் மாட்டும் சிக்னல் கருவி, துழாவும் கோல், மண்வெட்டி மூன்றும் கையில் இருந்து, அவற்றைப் பயன்படுத்தவும் தெரிந்து, கூட வழிகாட்டியும் இருந்தால்தான் அந்தப் பேச்சே.

மூன்றாம் நாள் தொடையெல்லாம் கெஞ்சும். அன்று மதியத்தோடு நிறுத்துவதாக முன்பே திட்டத்தில் எழுதிவிடுங்கள். கடைசியாக ஒரே ஒரு தடவை என்று யாராவது சொன்னால் பதில் சொல்லாமல் கோண்டோலாவில் ஏறி இறங்கிவிடுங்கள், களைத்த காலோடு, மங்கிய வெளிச்சத்தில், சிதைந்த பனியில் போகும் அந்த ஒரு தடவைக்கு நான் இப்போதெல்லாம் வருவதில்லை.

சில்லறை விஷயங்கள் சில. பாஸ் அட்டையை இடது பாக்கெட்டில் தனியாக வையுங்கள், லிஃப்ட் கதவில் அட்டையைப் படிக்கும் ரீடர் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும், கூடவே போன் இருந்தால் படிக்காது. குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும், உள் பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் இருக்கட்டும். பூட்ஸை இரவு காரில் விடாதீர்கள், காலையில் காலை நுழைக்கவே முடியாது. வாடகை ஸ்கீயின் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், உணவகத்துக்கு வெளியே ஒரே மாதிரி நாற்பது ஜோடி சாய்ந்திருக்கும், உங்களுடையதை யாராவது மாட்டிக்கொண்டு போயிருந்தால் கடையில் சொல்ல அந்த எண்தான் வேண்டும். கிளம்பும் சனிக்கிழமை காலை வாடகைக் கடையிலும் மலைப்பாதையிலும் ஊரே நிற்கும், அதனால் பொருட்களை வெள்ளி மாலையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விமானத்துக்குச் சாதாரணமாக ஒதுக்கும் நேரத்தோடு இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், பனி பெய்தால் நாலு.